300 கி.மீ வேகத்தை ஒரு ஃபிரேமில் நிறுத்துவது எப்படி? பைக் ரேஸ் போட்டோக்களின் 100 ஆண்டுக் கதை

போன மாசம் வீடு காலி பண்ணும்போது, தாத்தாவோட பழைய பிஸ்கட் டின் ஒன்று கையில் கிடைத்தது. உள்ளே ரேஷன் கார்டு நகல், இரண்டு சாவி, கொஞ்சம் கருப்பு வெள்ளைப் படங்கள். அதில் ஒன்றில் ஒருத்தர் பைக்கை நல்லா சாய்ச்சு வளைவு எடுத்துக்கிட்டு இருக்கார். நம்பர் 27. பின்னால் கம்பி, கூட்டம், வெயில்.

படத்தின் பின்பக்கம் ஒரு எழுத்துகூட இல்லை. "இது சோழவரம் ரேஸ்டா. உங்க தாத்தா வருஷா வருஷம் போவார்" என்றார் அம்மா. ஓட்டுறவர் யார்? "அது யாருக்குத் தெரியும்!"

யார் இவர், எந்த வருஷம் என்று தேடத் தொடங்கியதில்தான் ஒரு விஷயம் புரிந்தது. உலகத்தில் இதே கேள்வியை நூறு வருஷமாகக் கேட்டுக்கொண்டு, பதிலும் கண்டுபிடித்துக்கொண்டு இருக்கிற ஓர் இடம் இருக்கிறது. அது ஐல் ஆஃப் மேன். பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் நடுவில் இருக்கும் சின்னத் தீவு. பைக் ரேஸின் வரலாறு அளவுக்கே, பைக் ரேஸைப் படம் எடுத்த வரலாறும் அங்கே சுவாரஸ்யமானது.

சரி, முதலில் இருந்து வருவோம்.

ரேஸ் ஏன் அந்தத் தீவுக்குப் போச்சு?

1900-களின் தொடக்கத்தில் பிரிட்டனில் வண்டிகளுக்கான வேக வரம்பு மணிக்கு 20 மைல். அதாவது சுமார் 32 கி.மீ. பொதுச்சாலையை மூடி ரேஸ் நடத்தவும் அனுமதி கிடையாது. ஐல் ஆஃப் மேனுக்கோ 'டின்வால்ட்' என்ற சொந்த நாடாளுமன்றம் உண்டு. 1904-ல் அது ஒரு சட்டம் போட்டு, மோட்டார் போட்டிக்காகச் சாலைகளை மூடலாம் என்றது. முதலில் கார்கள் வந்தன. பின்னாலேயே பைக்குகள்.

1907 மே 28. முதல் டூரிஸ்ட் டிராஃபி, சுருக்கமாக டி.டி. ரேஸில் கிளம்பியவர்கள் 25 பேர். ஒற்றை சிலிண்டர் பிரிவில் மேட்ச்லெஸ் பைக்கில் வந்த சார்லி காலியர் ஜெயித்தார். சராசரி வேகம் மணிக்கு சுமார் 61 கி.மீ. இரட்டை சிலிண்டர் பிரிவில் நார்ட்டன் பைக்கில் ரெம் ஃபௌலர்.

'61 கி.மீ-யா? நம்ம ஸ்கூட்டியே போகுமே' என்று தோணுதா? அன்றைய மண் சாலை, பெல்ட் டிரைவ், பேருக்கு ஒரு பிரேக் என்பதையெல்லாம் சேர்த்து நினைச்சுப் பாருங்க.

1911-ல் ரேஸ் 'மவுன்டன் கோர்ஸ்' என்ற பெரிய சுற்றுக்கு மாறியது. ஒரு சுற்று 37.73 மைல், ஏறக்குறைய 60.7 கி.மீ. ஊருக்குள் போகும், கல் சுவருக்குப் பக்கத்தில் போகும், ஸ்னேஃபெல் மலை மேல் ஏறி இறங்கும். இன்றைக்கும் அதே பாதைதான். 2023-ல் பீட்டர் ஹிக்மன் இந்தச் சுற்றை 16 நிமிடம் 36 விநாடியில் முடித்தார். சராசரி வேகம் மணிக்கு சுமார் 219 கி.மீ. நேர்ச்சாலையில் 300-ஐத் தாண்டுவார்கள்.

61-லிருந்து 219. இந்த வித்தியாசத்தைக் கேமராவும் துரத்திக்கொண்டு வந்திருக்கிறது. நம்ம கதை அதுதான்.

கணக்கு போட்டுப் பார்ப்போமா?

பயப்பட வேண்டாம், சின்னக் கணக்குதான்.

மணிக்கு 61 கி.மீ என்றால் ஒரு விநாடிக்கு 17 மீட்டர். கேமராவின் ஷட்டர் 1/100 விநாடி திறந்திருந்தால், அந்த நேரத்துக்குள் பைக் 17 செ.மீ நகர்ந்திருக்கும். படத்தில் சக்கரம், கை, முகம் எல்லாம் இழுத்துவிட்ட மாதிரி இருக்கும்.

மணிக்கு 300 கி.மீ என்றால் ஒரு விநாடிக்கு 83 மீட்டர். இன்றைய கேமராவில் 1/1000 விநாடி வைத்தாலும் பைக் 8 செ.மீ நகர்ந்துவிடும்.

'அதான் இப்போ கேமரா ஒரு விநாடிக்கு 20 படம் எடுக்குதே, பட்டனை அமுக்கிப் பிடிச்சா போதாதா?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனா 300 கி.மீ வேகத்தில் இரண்டு ஃபிரேமுக்கு நடுவில் பைக் 4 மீட்டர் போயிருக்கும். பைக்கின் நீளமே சுமார் 2 மீட்டர்தான். நமக்கு வேண்டிய அந்த நொடி இரண்டு ஃபிரேமுக்கு நடுவில் ஒளிந்துகொள்ள நிறைய இடம் இருக்கிறது.

அதனால்தான் அன்றைக்கும் இன்றைக்கும் கேமராவைவிட முக்கியமான கேள்வி ஒன்றுதான்: எங்கே நிற்கிறது?

இடம் பிடிச்சா பாதி படம் எடுத்த மாதிரி

ரோடு ரேஸில் ஒரு சிக்கல் உண்டு. சாலையை மூடிவிட்டால் யாரும் குறுக்கே கடக்க முடியாது. சாலை வழியே இன்னோர் இடத்துக்குப் போகவும் முடியாது. போட்டோகிராஃபர் எந்தச் சுவருக்குப் பின்னால் நிற்கிறாரோ, பெரும்பாலும் ரேஸ் முடியும்வரை அவருக்கு அந்தச் சுவர்தான்.

ஆறு சுற்று ரேஸ் என்றால் ஒரு வீரர் உங்களைக் கடப்பது ஆறே ஆறு தடவை. ஸ்டேடியத்தில் கிரிக்கெட் எடுப்பவருக்கு ஒரே பேட்ஸ்மேன் நூறு பந்து ஆடுவார். இங்கே ஆறு வாய்ப்பு. அதுவும் கண் இமைக்கும் நேரம்.

அதனால் இடங்களே பிரபலமாகிவிட்டன. பல்லாஃப் பாலம் ஓர் உதாரணம். சின்னக் கூன் பாலம். வேகமாக வரும் பைக் அதன் மேல் ஏறியதும் இரண்டு சக்கரமும் தரையை விட்டு எழும்பும். அந்த ஒரு கணத்தைப் பல தலைமுறை போட்டோகிராஃபர்கள் எடுத்திருக்கிறார்கள். ராம்சே ஹேர்பின், கவர்னர்ஸ் பிரிட்ஜ் போன்ற மெதுவான வளைவுகளும் அப்படித்தான். வேகம் குறைகிற இடத்தில் முகம் தெரியும்.

பழைய ஆல்பங்களைப் பார்த்தால் 'எல்லாரும் ஒரே நாலைந்து இடத்தில்தான் ரேஸ் ஓட்டினார்களா?' என்று தோன்றும். ரேஸ் 60 கி.மீ சுற்றில் நடந்தது. மெதுவான கேமராவுக்குச் சிக்கியது அதில் சில நூறு மீட்டர்தான்.

நின்ற பைக், நேரான பார்வை

இன்னும் பின்னால் போனால், ஆரம்பகாலப் படங்களில் பல ரேஸ் படங்களே இல்லை. ரேஸுக்கு முன்னால் எடுத்தவை. அன்றைக்கு ஃபிலிம் சுருள் அல்ல, கண்ணாடித் தகடு. ஒரு தகடு, ஒரு படம். வெளிச்சத்தைப் பிடிக்கும் வேகமும் குறைவு. அதனால் வீரரைப் பைக்கோடு நிறுத்தி, நம்பர் தெரிகிற மாதிரி எடுப்பதுதான் பத்திரமான வேலை.

தீவின் தலைநகரான டக்ளஸில் இயங்கிய கீக் ஸ்டூடியோ இந்த வேலையைப் பொறுமையாகச் செய்தது. 1911 முதல் 1939 வரையிலான டி.டி. வீரர்களும் அவர்களின் பைக்குகளும் அந்தத் தொகுப்பில் வரிசையாக நிற்கிறார்கள். இன்று 'கீக் கலெக்‌ஷன்' என்றால் பழைய பைக்குகளைச் சீரமைப்பவர்களுக்கு அது கிட்டத்தட்ட பாடப்புத்தகம். 1920-களின் பைக்கில் பிரேக் கம்பி எந்தப் பக்கம் போனது, பெட்ரோல் டேங்க் எப்படிக் கட்டப்பட்டது என்பதற்கெல்லாம் பதில் அந்த நின்ற படங்களில் இருக்கிறது.

வேகமே இல்லாத படம் வேகத்தின் வரலாற்றுக்கு உதவுவது விந்தைதான். ஆனா யோசிச்சா புரியும். ஓடும் பைக்கின் படம் அந்த நொடி எப்படி இருந்தது என்று சொல்லும். நட்டு, போல்ட் எண்ணிப் பார்க்க நின்ற படம்தான் வேணும்.

உங்க போன் செய்கிற அதே தப்பு

ஓடும் பஸ்ஸிலிருந்து போனில் படம் எடுத்தால் கரண்ட் கம்பம் சாய்ந்த மாதிரி விழும், கவனிச்சிருக்கீங்களா? போனின் சென்சார் படத்தை ஒரே மூச்சில் எடுப்பதில்லை. ஒவ்வொரு வரிசையாகப் படிக்கிறது. மேல் வரிசையிலிருந்து கீழ் வரிசைக்கு வருவதற்குள் பொருள் நகர்ந்துவிடுகிறது. இதற்கு 'ரோலிங் ஷட்டர்' என்று பெயர்.

இது புது வியாதி இல்லை. நூறு வருஷத்துக்கு முந்தைய பத்திரிகை கேமராக்களில் பலவற்றின் ஷட்டர், நடுவில் ஒரு கீற்று வெட்டிய துணித் திரை. அந்தக் கீற்று தகட்டின் மேல் மெதுவாக நகரும். 1910-களின் தொடக்கத்தில் பிரெஞ்சு போட்டோகிராஃபர் ழாக் ஆன்ரி லார்டிக் ஒரு கார் ரேஸில் இப்படித்தான் ஒரு படம் எடுத்தார். கார் பாதி ஃபிரேமை விட்டு வெளியே போய்விட்டது. சக்கரம் வட்டமாக இல்லாமல், முன்பக்கம் சாய்ந்த முட்டை மாதிரி இருக்கிறது. கேமராவைக் காரோடு சேர்த்துத் திருப்பியதால் வேடிக்கை பார்த்தவர்கள் எதிர்ப்பக்கம் சாய்ந்து நிற்கிறார்கள்.

கணக்குப்படி அது தோற்றுப்போன படம். ஆனா இன்றைக்கு வேகத்தைக் காட்டும் உலகப் புகழ்பெற்ற படங்களில் அதுவும் ஒன்று. கார்ட்டூன்களில் வேகமாகப் போகும் வண்டியின் சக்கரத்தை முன்னால் சாய்த்து வரைகிறார்களே, அந்தப் பழக்கத்துக்கும் இப்படிப்பட்ட படங்களுக்கும் உறவு உண்டு.

பைக் போட்டோகிராஃபர்கள் இதிலிருந்து கற்றது 'பேனிங்'. பைக் போகிற வேகத்திலேயே கேமராவையும் திருப்ப வேண்டும். ஷட்டரை வேண்டுமென்றே மெதுவாக வைக்க வேண்டும். பைக் தெளிவாக விழும், பின்னணி கோடு கோடாக ஓடும். எல்லாவற்றையும் உறைய வைத்தால் 200 கி.மீ-ல் போகும் பைக்கும் ஸ்டாண்டு போட்டு நிற்கிற மாதிரிதான் தெரியும். வேகத்தைக் காட்ட, கொஞ்சம் கலங்கலும் வேண்டும்.

படத்தைப் பார்த்து வருஷம் சொல்வது எப்படி?

இதுதான் எனக்குத் தேவைப்பட்ட பகுதி. பின்னால் எதுவும் எழுதாத பழைய ரேஸ் படத்தை எப்படி அடையாளம் காண்பது? கிட்டத்தட்ட துப்பறியும் வேலை.

முதல் தடயம் நம்பர். நம்பரும், ரேஸும், வருஷமும் தெரிந்தால் போட்டியாளர் பட்டியலைப் பார்த்துப் பெயரைச் சொல்லிவிடலாம். ஆனா ஒரே நம்பர் ஒவ்வொரு வருஷமும் ஒவ்வொருவருக்குப் போகும். அதனால் முதலில் வருஷத்தைப் பிடிக்க வேண்டும்.

இரண்டாவது, நம்பர் பிளேட்டின் நிறம். கிராண்ட் பிரீ காலத்தில் 500 சி.சி-க்கு மஞ்சள், 350-க்கு நீலம், 250-க்குப் பச்சை, 125-க்குக் கருப்பு. கலர் படமாக இருந்தால் எந்தப் பிரிவு என்று உடனே தெரிந்துவிடும்.

மூன்றாவது, தலை. டி.டி-யில் ஹெல்மெட் கட்டாயமானது 1914-ல். அதற்கு முந்தைய படங்களில் தொப்பியோடு ஓட்டுகிறவர்களைப் பார்க்கலாம். பிறகு பல பத்தாண்டுகளுக்குக் கிண்ணத்தைக் கவிழ்த்த மாதிரி ஹெல்மெட். முகம் முழுக்க மூடுகிற ஹெல்மெட் பரவியது 1970-களில்.

நான்காவது, உடம்பு. பைக்கின் உடம்பைச் சொல்றேன். முன்சக்கரத்தையும் சேர்த்து மூடுகிற பெரிய 'டஸ்ட்பின்' ஃபேரிங்கை 1957 சீசனோடு உலகப் போட்டிகளில் தடை செய்தார்கள். பக்கக்காற்று அடித்தால் பைக்கைத் தூக்கிவிடும் என்பதுதான் பயம். அதனால் கிராண்ட் பிரீ படத்தில் அந்த மாதிரி ஃபேரிங் இருந்தால் அது 1957 அல்லது அதற்கு முன்.

ஐந்தாவது, முட்டி. வளைவில் முட்டியைத் தரையில் உரசிக்கொண்டு போகும் ஸ்டைல் 1970-களில் பரவியது. 1950-களின் சாம்பியன் ஜெஃப் டியூக்கின் படத்தைப் பாருங்க. ஒரே துண்டாகத் தைத்த தோல் உடையில், முட்டியை டேங்க்கோடு ஒட்டி, உட்கார்ந்த இடம் அசையாமல் சாய்கிறார்.

படம் பொய் சொல்லுமா?

சொல்லாது. ஆனா நாம தப்பாகப் படிக்கலாம்.

டி.டி-யில் எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்புவதில்லை. 10 விநாடி இடைவெளி விட்டுக் கிளப்புவார்கள். ஓட்டம் கடிகாரத்தோடுதான். அதனால் படத்தில் முன்னால் இருப்பவர் ரேஸிலும் முன்னால் இருக்கிறார் என்று அர்த்தமில்லை.

1978-ல் மைக் ஹெயில்வுட் திரும்பி வந்த கதையைப் பாருங்க. 11 வருஷம் டி.டி. பக்கமே வராதவர், 38 வயதில் டுகாட்டியில் வந்து நின்றார். நம்பர் 12. ஹோண்டாவில் வந்த ஃபில் ரீடுக்கு நம்பர் 1. இரண்டிரண்டு பேராகக் கிளப்பியதால் ரீட் 50 விநாடி முன்னாலேயே போய்விட்டார். அவரை ஹெயில்வுட் சாலையிலேயே எட்டிப் பிடித்தார். இப்போது அந்த இருவரும் ஒரே ஃபிரேமில் ஒட்டி ஒட்டிப் போகும் படத்தைப் பார்த்தால் என்ன தோன்றும்? கடும் போட்டி, யார் ஜெயிப்பார்களோ என்று. உண்மையில் சக்கரங்கள் பக்கத்தில் பக்கத்தில் வந்தபோதே ஹெயில்வுட் கடிகாரப்படி 50 விநாடி முன்னால்! இது தெரியாமல் அந்தப் படத்துக்கு கேப்ஷன் எழுதினால் கதையே தலைகீழாகிவிடும்.

டிஜிட்டல் டெஸ்க்கில் தினமும் கேப்ஷன் எழுதுகிற ஆள் என்ற முறையில் சொல்றேன், இதைப் படிச்சப்போ கொஞ்சம் வியர்த்தது.

முடிவுப் பட்டியலில் இல்லாதது

1959-ல் ஹோண்டா முதன்முறையாக டி.டி-க்கு வந்தது. பட்டியலைப் பார்த்தால் 125 சி.சி. பிரிவில் நவோமி தனிகுச்சி ஆறாவது, அணிக்கு ஒரு பரிசு. அவ்வளவுதான். ஆனா இரண்டே வருஷத்தில், 1961-ல், 125, 250 என்று இரண்டு பிரிவிலும் ஹோண்டா ஜெயித்தது. ஓட்டியது அதே ஹெயில்வுட். இன்றைக்கு நம்ம தெருவில் ஓடுகிற ஹோண்டாவின் உலக சாம்பியன்ஷிப் ரேஸ் பயணம் அங்கே தொடங்கியது. 1959-ன் படங்கள் அதனால்தான் மதிப்புள்ளவை. பின்னால் பெரிதாகப் போகிற ஒன்றின் முதல் நாளை யாரோ எடுத்து வைத்திருக்கிறார்கள்.

1962-ல் பெரில் ஸ்வெய்ன் 50 சி.சி. ரேஸில் ஓட்டினார். டி.டி-யில் தனியாக பைக் ஓட்டிய முதல் பெண். முடிவு, 22-வது இடம். அதற்குப் பிறகு அவருக்கு சர்வதேச ரேஸ் உரிமம் கிடைக்கவில்லை. பெண்களை விலக்கி வைத்தார்கள். பட்டியலில் 22 என்ற எண்ணாகக் கடந்துபோகக்கூடியவர், ஹெல்மெட்டோடு பைக் மேல் இருக்கிற படத்தில் ஓர் ஆளாகத் தெரிகிறார்.

கேமராவைக் கீழே இறக்க வேண்டிய நேரம்

இந்தக் கதையில் தவிர்க்க முடியாத இன்னொரு பக்கம் இருக்கிறது. மவுன்டன் கோர்ஸில் 1911 முதல் இதுவரை 260-க்கும் மேற்பட்ட வீரர்கள் இறந்திருக்கிறார்கள். சுவர், மரம், விளக்குக் கம்பம் எல்லாம் சாலை ஓரத்திலேயே இருக்கும் ரேஸ் இது.

1972-ல் இத்தாலிய வீரர் ஜில்பெர்டோ பார்லோட்டி இங்கே இறந்தார். அவருடைய நண்பர் ஜியாகோமோ அகோஸ்டினி, 15 உலகப் பட்டம் வென்றவர், அதற்குப் பிறகு டி.டி-யில் ஓட்டவில்லை. மற்ற முன்னணி வீரர்களும் விலகத் தொடங்க, 1976-க்குப் பிறகு டி.டி. உலக சாம்பியன்ஷிப் பட்டியலிலிருந்து நீங்கியது. ஆனாலும் ரேஸ் நிற்கவில்லை.

வட அயர்லாந்தின் டன்லப் குடும்பத்தின் படங்களை வரிசையாக வைத்தால் இந்த விளையாட்டின் முழு உருவமும் தெரிந்துவிடும். ஜோயி டன்லப், டி.டி-யில் 26 வெற்றி. 2000-ல் எஸ்டோனியாவில் ரேஸில் இறந்தார். தம்பி ராபர்ட், 2008-ல் நார்த் வெஸ்ட் 200 பயிற்சியில் இறந்தார். அதற்கு இரண்டு நாள் கழித்து ராபர்ட்டின் மகன் மைக்கேல் அதே ரேஸில், அதே 250 சி.சி. பிரிவில் ஓட்டி ஜெயித்தார். மைக்கேலின் அண்ணன் வில்லியம் 2018-ல் அயர்லாந்தில் ரேஸ் பயிற்சியில் இறந்தார். 2024-ல் மைக்கேல் தன் பெரியப்பாவின் 26 என்ற சாதனையைத் தாண்டினார்.

இந்தக் குடும்பத்தைப் பல ஆண்டுகள் படம் எடுத்த வட அயர்லாந்து போட்டோகிராஃபர் ஸ்டீபன் டேவிசன், தன் ரோடு ரேஸிங் தொகுப்பு ஒன்றுக்கு வைத்த பெயர் 'பியூட்டிஃபுல் டேஞ்சர்'. அழகான ஆபத்து. இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

யோசிச்சுப் பாருங்க. வெளியே யாருக்கோ அது ஆக்‌ஷன் ஷாட். எடுத்தவருக்கோ அது நேற்று டீக்கடையில் பார்த்துப் பேசிய ஆள். விழுந்த நொடியின் படம் கையில் இருக்கிறது. வெளியிடுவதா? குடும்பத்துக்குச் செய்தி போய்ச் சேரும் முன் எதுவும் வெளியே போகக்கூடாது என்பது பொதுவான நெறி. எல்லார் கையிலும் போன் இருக்கிற காலத்தில் அந்த நெறியைக் காப்பது போட்டோகிராஃபர் மட்டும் செய்கிற வேலை இல்லை. ஃபார்வேர்டு பட்டனை அமுக்குகிற நமக்கும் அதில் பங்கு இருக்கிறது.

அதே நேரம், ஒருவர் உயிரோடு ஓட்டியதற்குக் கடைசி சாட்சியாக மிஞ்சுவதும் படம்தான். ஹெல்மெட்டைக் கழட்டி, கலைந்த தலையோடு, டீ கப்பைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற படம். வீட்டுச் சுவரில் குடும்பங்கள் மாட்டி வைப்பது பெரும்பாலும் அந்த மாதிரிப் படத்தைத்தான்.

கண்ணாடி பிழைக்கும், ஹார்டு டிஸ்க்?

1911-ல் எடுத்த கண்ணாடித் தகட்டை இன்று வெளிச்சத்தில் பிடித்தால் படம் தெரியும். 2004-ல் சி.டி-யில் எழுதி வைத்த படம் இன்று திறக்குமா? திறந்தால் உங்க அதிர்ஷ்டம். கண்ணாடி உடையும், ஆனா படிக்க மிஷின் வேண்டாம். டிஜிட்டலில் ஒரே வார ரேஸுக்கு ஆயிரக்கணக்கில் படம் குவிகிறது. யார், எங்கே, எப்போது என்ற விவரம் கோப்போடு சேர்ந்து போகாவிட்டால் அவ்வளவும் பெயரில்லாத கூட்டம். வாட்ஸ்அப்பில் ஒரு தடவை அனுப்பினாலே படத்தின் தரம் சுருங்கும், உள்ளே இருக்கும் தேதி விவரமும் பெரும்பாலும் போய்விடும்.

நூறு வருஷத்துக்கு முந்தைய ஸ்டூடியோ செய்த வேலை, படத்தோடு நம்பரையும் பெயரையும் சேர்த்து வைத்தது. நாம இன்றைக்கு விட்டுவிடுவது அதைத்தான்.

உங்க வீட்டிலும் பழைய படம் இருக்கா?

ரேஸ் படம்தான் என்றில்லை, எந்தப் பழைய படத்துக்கும் இது பொருந்தும்:

• ஆல்பத்தில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்த்து எடுக்காதீங்க. பக்கத்தோடு சேர்த்தே ஸ்கேன் பண்ணுங்க.

• ஸ்கேனர் இல்லையென்றால், ஜன்னல் ஓரமாக நேர் வெயில் படாத வெளிச்சத்தில் வைத்து, ஃபிளாஷ் இல்லாமல் போனில் எடுங்க. பின்பக்கத்தையும் எடுங்க. ஸ்டூடியோ முத்திரை, லேப் தேதி எல்லாம் அங்கேதான் இருக்கும்.

• பெயர் எழுத பால்பாயின்ட் பேனா வேண்டாம். மை மறுபக்கம் ஊறும், அழுத்தினால் முன்பக்கம் பள்ளம் விழும். மென்மையான பென்சில், பின்பக்கம், ஓரத்தில்.

• நெகட்டிவ் இருந்தால் தூக்கிப் போடாதீங்க. பிரின்ட்டைவிட அதில் விவரம் அதிகம். வினிகர் வாசனை வந்தால் ஃபிலிம் சிதையத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். உடனே ஸ்கேன் செய்து, மற்ற ஃபிலிம்களிலிருந்து பிரித்து வையுங்க.

• சென்னை ஈரப்பதத்துக்குப் பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும். பிளாஸ்டிக் கவரில் கட்டி அடைக்காமல், காகித உறையில் போட்டு, சிலிக்கா ஜெல்லோடு உலர்ந்த இடத்தில் வையுங்க.

• எல்லாவற்றையும்விட அவசரமானது: வீட்டில் பெரியவங்க இருக்கும்போதே கேட்டு எழுதுங்க.

அப்புறம், அந்த நம்பர் 27?

படத்தைப் பெரியப்பாவிடம் கொண்டுபோனேன். கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு, ஜூம் பண்ணச் சொன்னார்.

"வண்டி யமஹா ஆர்.எக்ஸ். 100. டேங்க்கைப் பாத்தா தெரியலையா?"

ஆர்.எக்ஸ். 100 இந்தியாவுக்கு வந்தது 1985 கடைசியில். சோழவரத்தில் ரேஸ் நடந்தது இரண்டாம் உலகப்போர் கால விமான ஓடுதளத்தில். 1990-ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டை டிராக் வந்ததும் ரேஸ்கள் அங்கே நகர்ந்துவிட்டன. ஆக, இந்தப் படம் 1986-க்கும் 1990-க்கும் நடுவில். நான் பெருமையோடு கணக்கைச் சொல்லி முடிப்பதற்குள், பெரியப்பா கூட்டத்தின் ஓரத்தில் நின்ற ஒரு கட்டம் போட்ட சட்டையில் விரலை வைத்தார்.

"இது நான்தான். வேலைக்குச் சேந்து முதல் சம்பளத்துல எடுத்த சட்டை. எம்பத்தேழு."

அப்போ ஓட்டுறவர்? ரொம்ப நேரம் பார்த்தார். "முகம் ஞாபகம் இருக்கு. செங்குன்றம் பக்கம் மெக்கானிக் ஷெட் வச்சிருந்த பையன். பேர் வரலையே..."

வரவில்லை. பத்து வருஷம் முன்னால், தாத்தா இருந்தபோதே கேட்டிருந்தால் வந்திருக்கும்.

படத்தின் பின்பக்கம், பென்சிலால், ஓரத்தில் எழுதினேன்: சோழவரம், 1987. நம்பர் 27. ஆர்.எக்ஸ். 100. கட்டம் போட்ட சட்டை, பெரியப்பா. எடுத்தது தாத்தா. ஓட்டுபவர் பெயர் என்பதற்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டு வைத்திருக்கிறேன்.